கடித்துப் பார்த்து வாங்கிய சங்கிலி கவரிங் என்றால், பணம் போனதுதானா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வீட்டு வாசலிலேயே இட்லிக் கடை போட்டிருக்கிறேன். எங்கள் சீட்டில் இருக்கும் ஒரு அக்கா, 2024 தீபாவளி முடிந்த கையோடு, ஆஸ்பத்திரிச் செலவு என்று தன் மூன்று பவுன் சங்கிலியை எனக்கு விற்றார். "916 நகை, 22 காரட். கடைக்குப் போனால் செய்கூலி, சேதாரம் என்று போட்டுத் தீட்டிவிடுவான், உனக்கு அது மிச்சம்" என்றார். பவுன் 55,000 என்று பேசி 1,65,000 ரூபாய் கொடுத்தேன். ஒரு லட்சம் ஜிபேயில், மீதி ரொக்கம். வாங்கும் முன் கையில் தூக்கிப் பார்த்தேன், மோந்து பார்த்தேன், கடித்தும் பார்த்தேன். போன மாதம் வங்கியில் அடகு வைக்கப் போனால், நகையை மதிப்பிடும் அப்ரைசர் உரசிப் பார்த்துவிட்டு அரத்தால் ஒரு கீறு போட்டுக் காட்டினார். உள்ளே செம்பு. மேனேஜர் போலீஸுக்குச் சொல்வேன் என்று சத்தம் போட்டார். அந்த அக்காவோ, "நீயே கடிச்சுப் பார்த்துத்தானே வாங்கின? எங்க மாமியார் போட்டது, எனக்கென்ன தெரியும்?" என்கிறார். கொருக்குப்பேட்டையில் தெரிந்த அடகுக் கடையில் வைத்துவிட்டு மீட்காமல் விட்டுவிடு என்கிறான் என் தம்பி. என்ன செய்யட்டும்? (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்: சகோதரி, முதலில் தம்பி சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள். இன்றுவரை நீங்கள் ஏமாற்றப்பட்டவர். சங்கிலி செம்பு என்று தெரிந்த பிறகு அதைத் தங்கம் என்று சொல்லி இன்னொருவரிடம் அடகு வைத்த நிமிடம், ஏமாற்றியவர் ஆகிவிடுவீர்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவில் அதற்கு ஏழு ஆண்டுவரை சிறை உண்டு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420-தான் இப்போது இந்த எண்ணில் இருக்கிறது. அடகுக் கடைக்காரர் உங்கள் ஆதார் நகலை வாங்கி வைத்திருப்பார், கடையில் கேமரா இருக்கும். மீட்காமல் விட்டால் ஏலத்துக்கு முன்பாவது உரசிப் பார்ப்பார்கள். ஆள் தப்ப வழியே இல்லை.

போலீஸுக்குச் சொல்வேன் என்று மேனேஜர் மிரட்டினாரே என்ற பயம் உங்களுக்கு. ஏமாற்றுதல் என்ற குற்றத்துக்கு, கெட்ட எண்ணம் ஆரம்பத்திலிருந்தே இருக்க வேண்டும். தெரியாமல் கொண்டுபோய் நீட்டினால் அது குற்றமாகாது. உங்களுக்குத் தெரியாது என்பதற்கு ஆதாரம் உங்கள் போனிலேயே இருக்கிறது: அந்த ஒரு லட்ச ரூபாய் ஜிபே. கவரிங் என்று தெரிந்தே யாராவது அந்தப் பணத்தைக் கொடுப்பார்களா? வங்கி உங்களுக்குக் கடனும் தரவில்லை, அதனால் அவர்களுக்கு நஷ்டமும் இல்லை. அப்படியே புகார் கொடுத்தாலும், ஏழு ஆண்டுவரை தண்டனை உள்ள குற்றங்களில் போலீஸ் எடுத்ததும் கைது செய்துவிட முடியாது. கைது தேவைப்படாத இடத்தில், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 35(3)-ன்படி நோட்டீஸ் கொடுத்துத்தான் அழைக்க வேண்டும். சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால், ஒரு பெண்ணை அவர் குடியிருக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. அதே சட்டத்தின் 179-வது பிரிவு அது. மேனேஜர் சத்தம் போட்டது வேலை டென்ஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த அக்காவின் வாதத்துக்கு வருவோம். "நீயே கடிச்சுப் பார்த்துத்தானே வாங்கின?" கேட்கும்போது நியாயம்போலத்தான் இருக்கிறது. சட்டத்திலும் அதற்கு ஒரு நிழல் உண்டு. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 16-வது பிரிவில், வாங்குபவர் பொருளைச் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையிலேயே தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு விற்றவர் பொறுப்பில்லை என்கிறது. இதை எதிர்த்தரப்பு வக்கீல் கட்டாயம் எடுத்து வைப்பார். ஆனால் கேள்வி இதுதான்: கடித்தும் மோந்தும் பார்த்தால் முலாம் பூசிய செம்பு தெரிந்திருக்க வேண்டுமா?

தெரியாது என்பேன். ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கடிப்பது. சொக்கத் தங்கம் மென்மை, பல் பட்டால் தடம் விழும் என்பது உண்மை. நாம் போடும் 22 காரட் நகையில் செம்பும் வெள்ளியும் கலந்திருப்பதால் அது இறுகிப் போயிருக்கும், தடம் அவ்வளவு எளிதில் விழாது. ஆனால் ஈயம் தங்கத்தைவிட மென்மை. முலாம் பூசிய ஈயத்தைக் கடித்தால் அழகாகத் தடம் விழும். ஆக, பல்லை நம்பினால் நல்ல நகையைத் தள்ளிவிட்டு ஈயத்தை வாங்கி வருவீர்கள். பல்லுக்கும் கேடு.

மோந்து பார்ப்பது இதைவிடப் பரவாயில்லை. தங்கத்துக்கு வாடை இல்லை. செம்பு, பித்தளையை வியர்த்த உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் ஒரு நெடி வரும், பழைய சில்லறைக் காசை எண்ணிய கையில் வருமே, அதே நெடி. அது உலோகத்தின் வாடையே இல்லை, நம் தோலின் எண்ணெய்ப் பசை உலோகத்தோடு சேர்ந்து மாறுவதால் வருவது. அதனால் வியர்வை செம்பைத் தொட்டால்தான் நெடி வரும். மேலே முலாம் முழுசாக இருக்கும்வரை வியர்வை தொடுவது தங்கத்தைத்தான். நீங்கள் வாங்கியபோது மூக்குக்கு ஒன்றும் தட்டாமல் போனதில் வியப்பில்லை. இந்த இடைவெளியில் நீங்கள் அதைத் தினமும் போட்டிருந்தால், கொக்கியை ஒட்டிய வளையத்தை இப்போது தேய்த்து மோந்து பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

கண்ணுக்கு வேலை வைப்பதும் அந்த இடம்தான். சங்கிலியின் நடுவில் எல்லாமே மஞ்சளாகத்தான் மின்னும். வளையமும் வளையமும் உரசும் உள்பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில், லென்ஸ் வைத்துப் பாருங்கள். முலாம் தேய்ந்த இடத்தில் செம்பு இளஞ்சிவப்பாக எட்டிப் பார்க்கும், பற்றவைத்த இடத்தில் பச்சைப் பாசி பிடித்திருக்கும். தங்கம் தேய்ந்தால் உள்ளேயும் அதே மஞ்சள்தான். ஆனால் ஒன்று, கொக்கியை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். கொக்கியை அசல் தங்கத்தில் வைத்து மீதியைக் கவரிங்கில் செய்வது இந்த மோசடியில் பழைய உத்தி. உரசுபவர் கொக்கியைத்தான் முதலில் பிடிப்பார் என்பது செய்தவனுக்குத் தெரியும். கொக்கியில் 916 என்று குத்தியிருந்தாலும் அது வெறும் எண், அச்சு இருந்தால் யார் வேண்டுமானாலும் குத்தலாம். காந்தம் வைத்துப் பார்ப்பதும் வீண். செம்பு, பித்தளை, ஈயம், வெள்ளி எதுவும் காந்தத்தில் ஒட்டாது. அசல் நகையின் கொக்கிக்குள் இரும்பு ஸ்பிரிங் இருந்தால் அது ஒட்டும்! தரையில் போட்டு ஓசை கேட்பது நாணயத்துக்குச் சரி, சங்கிலிக்கு உதவாது.

கை சொல்வதைத்தான் நான் கொஞ்சம் மதிப்பேன். ஒரே பருமனுள்ள இரண்டில், 22 காரட் தங்கம் செம்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனக்கும். 24 கிராம் என்று தராசில் காட்டும் செம்புச் சங்கிலி, 24 கிராம் தங்கச் சங்கிலியைவிடத் தடித்துத் தெரியும். ஆனால் உள்ளே கூடு விட்டுச் செய்த தங்கச் சங்கிலியும் தடிமனாகத்தானே இருக்கிறது? அங்கேதான் கை ஏமாறுகிறது. வீட்டில் கிராம் காட்டும் எலக்ட்ரானிக் தராசு இருந்தால் ஒன்று செய்யுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து எண்ணை சைபருக்குக் கொண்டு வாருங்கள். சங்கிலியை நூலில் கட்டி, தண்ணீரில் முழுசாக முங்கும்படி, அடியிலும் சுவரிலும் படாமல் தொங்கவிடுங்கள். 24 கிராம் 22 காரட் தங்கமாக இருந்தால் தராசு 1.4 கிராமுக்குப் பக்கத்தில் காட்டும். செம்பு என்றால் 2.7 காட்டும். குமிழி ஒட்டியிருந்தாலோ, கல் பதித்திருந்தாலோ, கூடு விட்ட நகையாக இருந்தாலோ கணக்கு தப்பும். மோந்து பார்ப்பதைவிட இது நூறு மடங்கு மேல்.

இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், வாங்கும்போது நீங்கள் சாதாரண மனுஷி செய்யக்கூடிய சோதனையைச் செய்திருக்கிறீர்கள். முலாம் அந்தச் சோதனையைத் தாண்டுவதற்கென்றே போடப்படுவது. கோர்ட்டில் நீங்கள் கடித்ததை மறைக்கவே வேண்டாம். மறைத்தால்தான் சிக்கல். "பார்த்தேன், தெரியவில்லை, 916 என்று அவர் சொன்னதை நம்பிப் பணம் கொடுத்தேன்" என்று அப்படியே சொல்லுங்கள். 16-வது பிரிவுக்கு முந்தைய 15-வது பிரிவு உங்கள் பக்கம் நிற்கிறது: இன்னது என்று சொல்லி விற்ற பொருள், சொன்னபடி இருந்தே ஆக வேண்டும். விற்றவர் கடைக்காரரா, பக்கத்து வீட்டு அக்காவா என்பதெல்லாம் அங்கே கேள்வி இல்லை. ஒப்பந்தச் சட்டம் 19-வது பிரிவில் "சாதாரண கவனம் இருந்தால் உண்மையைக் கண்டுபிடித்திருக்கலாமே" என்று கேட்க இடம் உண்டு, சரி. ஆனால் தெரிந்தே பொய் சொல்லி விற்றவர் அந்தக் கேள்வியின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது.

"மாமியார் போட்டது, எனக்குத் தெரியாது" என்பது உண்மையாகவே இருக்கலாம். வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் கல்யாணத்தில் பவுன் கணக்குக் காட்டுவதற்காகக் கவரிங்கைக் கலந்து போட்டுவிட்டு, மருமகளிடமே சொல்லாமல் விட்ட குடும்பங்கள் இல்லாமல் இல்லை. அப்படியென்றால் அவர் மீது கிரிமினல் வழக்கு நிற்காது. ஆனால் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு அப்போதும் போகாது. இருவருமே தங்கம் என்று தப்பாக நம்பிச் செய்த பேரம் ஒப்பந்தச் சட்டம் 20-வது பிரிவின்படி செல்லாது, வாங்கிய பணத்தைத் திருப்ப வேண்டும் என்கிறது 65-வது பிரிவு. இதை அவரிடம் நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். குற்றவாளி என்று கூப்பிடாமல் பணத்தைக் கேட்டால், பாதிப் பேர் வழிக்கு வருவார்கள் என்பது என் அனுபவம்.

அதற்கு முன் ஆதாரத்தைக் கட்டிக்கொள்ளுங்கள். சங்கிலியை உருக்காதீர்கள், வெட்டாதீர்கள், "கொடு, நான் காட்டிட்டு வர்றேன்" என்று கேட்டால் அக்காவிடமும் கொடுக்காதீர்கள். எடை தெரிய, கீறு தெரியப் படம் எடுத்து ஒரு கவரில் போட்டு வையுங்கள். சௌகார்பேட்டை பக்கம் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் கொடுத்து, எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். பொதுமக்கள் கொண்டுவரும் நகைக்கு 2022-ல் அறிவித்த கட்டணம், நான்கு உருப்படிவரை 200 ரூபாய்தான். மெஷினில் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினால் விடாதீர்கள். எக்ஸ்-கதிரால் சோதிக்கும் அந்த எக்ஸ்ஆர்எஃப் மெஷின் மேற்பரப்பைத்தான் படிக்கும், முலாம் தடிமனாக இருந்தால் அதுவும் ஏமாறும். அப்ரைசர் போட்ட கீறைக் காட்டி உள்பக்கத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். உங்கள் மூக்கு சாட்சிக் கூண்டு ஏறாது, நிபுணரின் அறிக்கை ஏறும்.

அப்புறம், ஜிபே ரசீது, விலை பேசிய வாட்ஸப் செய்தி, குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழோடு கொடுத்தால் அதெல்லாம் கோர்ட்டில் ஏற்கப்படும். ரொக்கமாகக் கொடுத்த 65,000-க்குச் சாட்சி யார் என்று யோசியுங்கள். சீட்டுப் பெண்கள் யாராவது பக்கத்தில் இருந்தார்களா?

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று கேட்பீர்கள். அக்கா வியாபாரி இல்லை, அங்கே வழி இல்லை. கடையில் பில்லோடு வாங்கியிருந்தால் கதையே வேறு: சென்னை வடக்கு மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் போடலாம், ஐந்து லட்சம்வரை கட்டணம் கிடையாது. ஹால்மார்க் நகையில் மாற்று (தங்கத்தின் தூய்மை) குறைந்தால், குறைந்த அளவின் மதிப்பில் இரண்டு மடங்கும் சோதனைச் செலவும் தரச் சொல்கிறது பிஐஎஸ் விதி. இனி வாங்கும்போது நகையில் பொறித்திருக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யூஐடி அடையாள எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் கடைகள் இந்த எண் இல்லாத ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது. செயலி "மோதிரம்" என்று காட்டி உங்கள் கையில் சங்கிலி இருந்தால், எண் திருட்டு எண்.

உங்களுக்கான வழி இரண்டு. வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, வராவிட்டால் பணத்துக்கு உரிமையியல் வழக்கு. இதற்கு மூன்று ஆண்டு அவகாசம், வாங்கிய நாளிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. வழக்குக்கு முன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து, மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் பேசிப் பார்க்கலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, 15100-க்கு அழையுங்கள். அவர் தெரிந்தே விற்றார் என்பதற்கு ஏதாவது கிடைத்தால், உதாரணமாக அதே சங்கிலியை வேறு வங்கி முன்பே திருப்பி அனுப்பியிருந்தால், உங்கள் பகுதி காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். புகாரை வாங்க மறுத்தால் துணை ஆணையருக்குத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்.

அவர் தவணையில் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளலாம். தொகையும் தேதியும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், முடிந்தால் காசோலையாக வாங்குங்கள். காசோலை திரும்பினால், வங்கி தகவல் தந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும், அதைத் தவறவிட்டால் அந்தக் காசோலைக்கு, செலாவணி முறிச் சட்டத்தின் 138-வது பிரிவு (காசோலை திரும்பியதற்கான) வழக்கு இல்லை. கடைசித் தவணை கணக்கில் ஏறும்வரை சங்கிலி உங்களிடமே இருக்கட்டும்.