முதல் குண்டு மட்டும் ஏன் மேலே பதிகிறது?

கேள்வி: ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்துச் சீராகத் தரும் கருவி) உள்ள என் காற்றுத் துப்பாக்கியை இரவு வைத்திருந்து காலையில் சுட்டால், முதல் குண்டு மட்டும் மேலே பதிகிறது. ஏன்?
– வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: ரெகுலேட்டரின் அடைப்பு முழுமையாக மூடாததால், சிலிண்டரின் உயர் அழுத்தக் காற்று இரவெல்லாம் சுடுவதற்கான காற்று நிற்கும் உள்ளறைக்குள் கசிந்து, நிர்ணயித்த அழுத்தத்தைத் தாண்டுவதே பெரும்பாலும் காரணம். அந்த மிகை அழுத்தத்தில் முதல் குண்டு வேகமாகப் பாய்ந்து மேலே பதிகிறது. உள்ளறையின் அழுத்தத்தைக் காட்டும் இரண்டாவது அழுத்தமானி இருந்தால், மாலையில் 130 பார் (அழுத்த அலகு) காட்டிய முள் காலையில் ஏறியிருக்கும். கசிவு மிகுந்தால் வால்வு திறக்கத் திணறி, குண்டு தாழவும் கூடும். ஈரம் உள்ளே போனால் அடைப்பு கெடலாம்; ஆனால் டர்பனின் ஈரக்காற்றைக் கைப்பம்பால் ஏற்றுவோர் ஈரவடிகட்டியைக் கவனிப்பதில்லை என்பது என் நெடுநாள் குறை. குண்டை அகற்றி, காற்றை முற்றிலும் வெளியேற்றிய பின்னரே பழுதான ஓ-வளையங்களை (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்கள்) மாற்றி, சிலிக்கோன் கிரீஸ் மெல்லியதாகப் பூசுங்கள். சாதாரண எண்ணெய் அழுத்தக் காற்றில் தீப்பற்றலாம். அடைப்பின் இருக்கையே தேய்ந்திருந்தால் துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.