இம்பிளான்ட் மட்டும் போதுமா, லிஃப்டும் வேணுமா?

ரெண்டு பிள்ளைக்குப் பால் கொடுத்தபின் மார்பு வற்றித் தொங்கிவிட்டது, ஒரு டாக்டர் இம்பிளான்ட் (மார்புக்குள்ளே வைக்கிற செயற்கைப் பை) போதும்னு சொல்றார், இன்னொருவர் லிஃப்டும் (தளர்ந்த தோலை இறுக்கி மார்பைத் தூக்குற ஆபரேஷன்) சேர்த்தே செய்யணும்கிறார்னு எழுதியிருக்கீங்க. கண்ணாடி முன்னால் நேரா நின்னு, மார்புக்கு அடியில் உள்ள மடிப்புக் கோட்டை வெச்சுப் பாருங்க சிஸ்டர். காம்பு அதுக்கு மேலே இருந்தா பெரும்பாலும் இம்பிளான்ட் மட்டுமே போதும். கீழே இறங்கித் தரையைப் பார்த்தா லிஃப்ட் இல்லாம சரிவராது. இம்பிளான்ட் நிரப்பும், தூக்காது. தளர்ந்த தோலில் பெரிய சைஸ் வெச்சா அந்தக் கனமே இன்னும் இழுக்கும். "பெருசா வெச்சா தானா நிமிர்ந்துடும்"னு சொல்றவரை நான் நம்பமாட்டேன்.

ப்ரா போட்டா அளவு போதும்னு தோணுதா? அப்போ லிஃப்ட் மட்டும் செய்யலாமான்னு கேளுங்க. தழும்பு இருக்கும்: காம்பைச் சுத்தி, அங்கிருந்து கீழே. ஆனா இம்பிளான்ட் ஆயுசுக்கும் வராது; சிலிக்கோன் நிரப்பின இம்பிளான்ட்னா, உள்ளே கிழிஞ்சிருக்கான்னு பார்க்க 5-6 வருஷத்தில் ஒரு ஸ்கேன், பிறகு 2-3 வருஷத்துக்கு ஒருமுறைன்னு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான எஃப்டிஏ சொல்லுது.

ரெண்டையும் ஒரே நாளில் செய்யலாம்தான். ஆனா லிஃப்ட் தோலை இறுக்கும், இம்பிளான்ட் விரிக்கும். தொய்வு அதிகம்னா முதல்ல லிஃப்ட், சில மாசம் கழிச்சு இம்பிளான்ட்னு பிரிக்கிறவங்களும் உண்டு. அடுத்த குழந்தை எண்ணம் இருந்தா இப்போதைக்குத் தள்ளிப் போடுங்க.