வான்யாவும் கொவாலென்கோவும்: ருஷ்ய, உக்ரேனியப் பெயர்களில் குறுமை விகுதிகள்

கேள்வி: மாஸ்கோவிலிருந்து வந்த பழைய தமிழ் மொழிபெயர்ப்புகளில் இவான் என்று அறிமுகமாகிறவர், அடுத்த பக்கத்தில் வான்யா ஆகிவிடுகிறாரே?

பதில்: இருவரும் ஒருவரே. வீட்டாரும் நண்பர்களும் அழைப்பது வான்யா. ‘எச்கா’ என்ற குறுமை விகுதி, அதாவது சிறுமையோ செல்லமோ காட்டும் ஈறு, சேர்ந்து வானெச்கா என்றால் கொஞ்சல். வெறும் ‘கா’ சேர்ந்து வான்கா என்றால் பெரும்பாலும் அதட்டல் அல்லது ஏளனம். பழக்கமில்லாத பெரியவரை வான்யா என்று கூப்பிட்டுவிடாதீர்கள். தந்தை பெயரையும் சேர்த்து இவான் பெத்ரோவிச் என்பதே மரியாதை.

கேள்வி: சாஷா ஆணா, பெண்ணா?

பதில்: அலெக்சாந்தரும் சாஷா, அலெக்சாந்த்ராவும் சாஷா. வினைமுற்றைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: மீத்யா என்பவர் யார்?

பதில்: திமீத்ரி. முதல் பதிலைப் படித்துவிட்டுக் கேட்கவும்.

கேள்வி: இத்தகைய பெயர்கள் அரசு ஆவணங்களில் உண்டா?

பதில்: பதினேழாம் நூற்றாண்டு மாஸ்கோவில் ஜார் மன்னருக்கு விண்ணப்பம் எழுதியவர், உயர்குடிப் பிரபுவே ஆனாலும், ‘உமது அடிமை இவாஷ்கோ’ என்று தம்மைக் குறுக்கியே எழுத வேண்டும், சாமானியர் ‘அனாதை’ என்றும், பாதிரியார் ‘உமக்காகப் பிரார்த்திப்பவர்’ என்றும் எழுதினர். முழுப்பெயரையே எழுத வேண்டும் என்று முதலாம் பீட்டர் 1701 டிசம்பர் 30 அன்று ஆணையிட்டார்.

கேள்வி: அப்படியானால் உக்ரேனியக் குடும்பப்பெயர்களில் வரும் ‘என்கோ’வும் இழிவுதானே? கவிஞர் ஷெவ்சென்கோ பண்ணையடிமையாகப் பிறந்தவர்.

பதில்: இல்லை. கொவால் என்பவர் கொல்லர். கொவாலென்கோ என்றால் இளங்கொல்லன், அதாவது கொல்லர் மகன். செருப்புத் தைப்பவரின் மகன் ஷெவ்சென்கோ. இங்கே சிறுமை வயதைச் சுட்டி, அதன்வழி மகன்மையைச் சுட்டியதே தவிர, தகுதியைச் சுட்டவில்லை.

கேள்வி: ஆண்டைகள் சூட்டிய பெயராக இருக்கலாமே?

பதில்: 1649இல் போலந்து மன்னருடன் ஏற்பட்ட ஸ்போரிவ் உடன்படிக்கையின்படி, உக்ரேனியப் படைவீரர்களான கசாக்குகள் நாற்பதாயிரம் பேருக்குப் பதிவேடு எழுதப்பட்டது. அதில் இடம்பெறுவதே உரிமை. இடம் கிடைக்காதவன் மீண்டும் பண்ணைக்குப் போக வேண்டியவன். அந்தப் பதிவேட்டில் ‘என்கோ’ மலிந்து கிடக்கிறது. உரிமைக்காகப் போரிட்ட படைவீரர்கள் ஆண்டை இட்ட வசைப்பெயரைச் சுமந்துகொண்டு அதில் நிற்பார்களா? கவிஞரின் பிறப்பைக் கொண்டு விகுதியின் பிறப்பைத் தீர்மானிக்க வேண்டாம்.

கேள்வி: ‘என்கோ’ இருந்தால் அவர் உக்ரேனியர் என்று கொள்ளலாமா?

பதில்: கூடாது. முன்னோர் யார் என்பதற்கு விகுதி ஒரு தடயம். இன்று அவர் யார் என்பதை அவரிடமே கேளுங்கள்.

கேள்வி: ஆர்மீனியரின் ‘யான்’?

பதில்: அது குறுமை விகுதியன்று, இன்னாரின் வழிவந்தவர் என்பதைக் காட்டும்.

கேள்வி: பெண்ணுக்கு ‘என்கோ’ மாறுமா?

பதில்: மாறாது. தெரெஷ்கோவ் பெண்ணுக்குத் தெரெஷ்கோவா ஆகும். திமோஷென்கோ இருபாலாருக்கும் திமோஷென்கோவே.