அறுபத்தாறு வயதில் எழுதத் தொடங்குதல் – வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய ஐயா,

எனக்கு 66 வயது. முல்லைத்தீவுக் கரையோரக் கிராமமொன்றில் பிறந்தவள். சாதாரண தரத்துக்கு மேல் படிக்கவில்லை. எங்கள் பங்குக் கோயிலில் நீண்ட காலம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பித்தேன். 2008இன் கடைசியில் போரால் இடம்பெயரத் தொடங்கியது முதல் அன்றாடம் நடந்தவற்றை ஒரு கொப்பியில் எழுதி வந்தேன். மாத்தளனில் கூறைச் சேலையைக் கிழித்து மண்மூட்டை தைத்த நாள் வரை அதில் இருந்தது. பிறகு அந்தக் கொப்பியும் பங்கரோடு மண்ணுக்குள் போய்விட்டது. இப்போது மறுபடியும் எழுதவேண்டும் போலிருக்கிறது. பேனையை எடுத்தால் பயம் வந்துவிடுகிறது. "மன்னிக்கச் சொன்னவரைக் கும்பிட்டுக்கொண்டு பழையதை ஏன் கிளறுகிறீர்கள்?" என்று மகன் கேட்கிறான். செபக் கூட்டத்தில் சாட்சியம் சொல்பவர்கள் எல்லோரும் ஆண்டவருக்கு நன்றி சொல்லி முடிக்கிறார்கள். என்னால் அப்படி முடிக்க இயலாது. அது விசுவாசக் குறைவா? இன்னொன்று, ஆட்களின் பெயரை அப்படியே எழுதலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்தபோது, விவிலியத்தில் இறைவாக்கினர் எரேமியா சொல்லச் சொல்ல எழுதிய பாரூக்குத்தான் என் நினைவுக்கு வந்தார். மறைக்கல்வி படிப்பித்த உங்களுக்குத் தெரிந்த கதைதான். மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கி.மு. 605 அளவில், ஆலயத்துக்குள் போவதற்குத் தடையிருந்த இறைவாக்கினர் தம் வாயால் சொன்னவற்றைப் பாரூக்கு மையினால் சுருளில் எழுதி, மக்கள் கேட்க ஆலயத்தில் வாசித்தார். அது யோயாக்கிம் அரசனிடம் போனது. குளிர்கால மாளிகையில் கணப்புச் சட்டிக்கு முன்னால் இருந்த அரசன், மூன்று நான்கு பத்திகள் வாசிக்கப்பட்டதும் அவற்றைக் கத்தியால் அறுத்து நெருப்பில் போட்டு, முழுச் சுருளையும் அப்படியே எரித்து முடித்தான். எரிக்க வேண்டாம் என்று கெஞ்சியவர்களும் அங்கே இருந்தார்கள், எடுபடவில்லை. அதன் பிறகு எரேமியா இன்னொரு சுருளை எடுத்துக் கொடுக்க, பாரூக்கு முதலிலிருந்து மீண்டும் எழுதினார். எரிந்துபோனவை எல்லாவற்றோடும் அவற்றைப் போன்ற வேறு பலவும் அதில் சேர்ந்தன என்று எரேமியா நூலின் 36ஆம் அதிகாரம் முடிகிறது.

ஆகவே மண்ணுக்குள் போன கொப்பியை வரிவரியாக நினைவிலிருந்து மீட்க முயலாதீர்கள். அதை எழுதிய பெண்ணுக்கு மெனிக் பாம் அகதி முகாம் தெரியாது, மீள்குடியேறி வந்து கிணற்றை இறைத்த நாள் தெரியாது, பக்கத்து வளவுக்காரர்களில் யார் திரும்பி வந்தார்கள், யார் வரவில்லை என்பதும் தெரியாது. அவையெல்லாம் இரண்டாவது சுருளுக்கு உரியவை.

துணிவு முதலில் வரவேண்டும், பிறகுதான் எழுதலாம் என்று நீங்கள் காத்திருப்பதாகத் தெரிகிறது. பாரூக்கு அப்படிக் காத்திருக்கவில்லை. பெருமூச்சு விட்டே களைத்துப் போனேன், ஆறுதலே இல்லை என்று அவர் முறையிட்டதை 45ஆம் அதிகாரம் மறைக்காமல் சொல்கிறது. அதற்கு ஆண்டவர் தரும் பதில் கொஞ்சம் கடுமையானது: உனக்கென்று பெரியவற்றைத் தேடாதே, ஆனால் நீ போகும் இடமெல்லாம் உன் உயிரை உனக்குக் கொள்ளைப்பொருளாகத் தருவேன் என்கிறார். மாத்தளனிலிருந்து நந்திக்கடலைத் தாண்டி உயிரோடு வெளியே வந்தவர்களுக்கு இந்த வசனத்தை ஒருவரும் விளக்கத் தேவையில்லை. பெரிய எழுத்தாளராக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால்தான் சாதாரண தரமும் அறுபத்தாறு வயதும் தடையாகத் தோன்றும். கண்டதை எழுதிவைக்கும் கணக்கப்பிள்ளையாக உங்களை நினைத்துக்கொண்டால் அந்தப் பயத்தில் பாதி போய்விடும்.

வயதைப் பற்றி ஒன்று. மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை, 2011 ஜனவரியில், போருக்குப் பின் அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் எழுத்தில் ஒரு கணக்கை வைத்தபோது அவருக்கு 70 வயது. 2008 ஒக்ரோபரில் கச்சேரிக் (மாவட்டச் செயலக) கணக்கின்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர், அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380 பேர், மிகுதி 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று அவர் கேட்டார். அவர் கையில் எடுத்தது வெறும் கழித்தல் கணக்கு. அலங்காரம் எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் அதைக் கேட்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்தது என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

உங்கள் மகனின் கேள்வி நியாயமானது, அவரைக் கோபிக்காதீர்கள். ஆனால் மன்னிப்பைப் போதிக்கும் திருச்சபைதான் ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் போஞ்சு பிலாத்துவின் பெயரைச் சொல்கிறது. இயேசு யாருடைய அதிகாரத்தில் பாடுபட்டார் என்பதை இத்தனை நூற்றாண்டுகளாக அது மறக்கவில்லை. மறக்க வேண்டும் என்று எந்தச் சுவாமியும் பிரசங்கம் வைத்ததில்லை. நடந்ததைச் சொல்வது பழிவாங்கல் அல்ல என்பதை அவருக்கு இந்த வழியாக விளங்கப்படுத்திப் பாருங்கள்.

நன்றியில் முடிக்க இயலாததுதான் உங்களை அதிகம் வருத்துகிறது என்று நினைக்கிறேன். விவிலியத்தின் புலம்பல் நூலில் ஐந்து அதிகாரங்கள் உள்ளன. ஆண்டவரின் இரக்கம் காலைதோறும் புதியது என்று எல்லோரும் மேற்கோள் காட்டும் வசனம் மூன்றாம் அதிகாரத்தில், நூலின் நடுவில், வருகிறது. அதோடு நூல் முடியவில்லை. நான்காம் அதிகாரத்தில் தாகத்தால் நாக்கு வறண்ட குழந்தைகளும் அப்பம் கேட்டுக் கிடைக்காத பிள்ளைகளும் மறுபடி வருகிறார்கள். ஐந்தாம் அதிகாரம், எங்களை முற்றாகத் தள்ளிவிட்டீரோ என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பின்னால் ஒரு நன்றி வரியைச் சேர்க்கவேண்டும் என்று விவிலியத்தைத் தொகுத்தவர்களுக்குத் தோன்றவில்லை. உங்களுக்கு மட்டும் ஏன் அந்தக் கட்டாயம்? செபக் கூட்டத்துக்கு நேரம் குறைவு, அங்கே முடித்துத்தான் ஆகவேண்டும். கொப்பிக்கு அந்த அவசரம் இல்லை.

எங்கே தொடங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2008 சித்திரையில் மடு மாதாவின் திருச்சொரூபம் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோகப்பட்டது போன்ற செய்திகள் பதிவாகிவிட்டன. அவற்றை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். மண்மூட்டையான அந்தக் கூறைச் சேலையை உங்களைத் தவிர ஒருவரும் எழுத இயலாது. என்ன நிறம்? முதலில் கத்தரிக்கோல் வைத்தது நீங்களா, வேறு யாருமா? கடற்கரை மணல் மெல்லிய துணியூடாகக் கொட்டுப்படுமே, இரட்டையாக மடித்துத் தைத்தீர்களா? நூல் எங்கே கிடைத்தது? இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுங்கள். கொப்பியில் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டு மறுபக்கத்தில் எழுதினால் பிறகு நினைவுக்கு வருவதைச் சேர்க்க இடமிருக்கும்.

பெயர்கள் விடயத்தில் கவனம் தேவை. இறந்தவர்களின் பெயரை, குடும்பத்தாரிடம் கேட்டுக்கொண்டு, முழுமையாக எழுதுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பெயரை மாற்றுங்கள், அவர்கள் நல்லதே செய்திருந்தாலும். காணாமல் ஆக்கப்பட்டவர்களைப் பற்றி எழுதும்போது இன்னும் நிதானம் வேண்டும். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மார், பிள்ளை வருவான் என்றுதான் அங்கே போய் இருந்தார்கள். அப்படியொரு வீட்டுப் பிள்ளையை நீங்கள் இறந்தகாலத்தில் எழுதிவிடக்கூடாது. எழுதிய பக்கத்தை அந்தத் தாய்க்கு முதலில் வாசித்துக் காட்டுங்கள். அவர் எந்தச் சொல்லால் தன் பிள்ளையைக் குறிப்பிடுகிறாரோ அதையே நீங்களும் வையுங்கள்.

அன்புடன்.