விசான் பயன்படுத்தவில்லை என்றால் விசென்டர் ஓட்டை நம்மைப் பாதிக்காதா?

"எங்களிடம் தனி ஸ்டோரேஜ் இருக்கிறது, விசான் கிடையாது. விசென்டர் 6.7, போட்ட நாளிலிருந்து அப்டேட் செய்ததில்லை. 2021இல் வந்த அந்த விசான் ஓட்டைக்காக இப்போது பேட்ச் போட வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். (விசென்டர் என்பது நிறுவனத்தின் விஎம்களை, அதாவது மெய்நிகர் கணினிகளை, ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விஎம்வேர் நிறுவனத்தின் மென்பொருள். விசான், சர்வர்களின் டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே ஸ்டோரேஜாக்கும் அதே நிறுவனத்தின் வசதி.)

கட்டாயம் போட வேண்டும். இன்றைக்கே.

2021 மே 25 அன்று விஎம்வேர் அறிவிப்பு வந்தபோது எங்கள் அலுவலகத்திலும் இதே பேச்சுதான். "நம்மகிட்ட விசானே இல்லையே சார்" என்றார் டீமில் ஒருவர். சரிதானே என்று நானும் விட்டுவிட்டேன். இரவு அறிவிப்பை வரிவரியாகப் படித்தபோதுதான் பகீரென்றது. ஓட்டை இருந்தது விசானின் ஹெல்த் செக் பிளகினில், அதாவது விசான் நலமாக இருக்கிறதா என்று பார்க்கும் துணை மென்பொருளில். விசான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது விசென்டரோடு சேர்ந்தே வருகிறது, தானாகவே ஓடிக்கொண்டும் இருக்கிறது.

மறுநாள் அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஒரு கணினியில் உட்கார்ந்து விசென்டர் முகவரியை அடித்துப் பார்த்தேன். லாகின் பக்கம் உடனே திறந்தது. அந்த ஒரு கணினியில் வைரஸ் புகுந்தால் போதும், மொத்தமும் போய்விடும் என்று அப்போதுதான் உறைத்தது.

ஏனென்றால் இந்த ஓட்டைக்கு (பதிவு எண் சிவிஇ-2021-21985) பாஸ்வேர்ட் வேண்டியதில்லை. விசென்டரின் வலைப்பக்கம் திறக்கும் 443 போர்ட்டை எட்ட முடிந்தால் போதும். பிளகினின் ஒரு முகவரி லாகின் கேட்காமலே கோரிக்கைகளை ஏற்றுக்கொண்டது. உள்ளே எந்த மெத்தடை (நிரலின் செயல்பாட்டை) இயக்க வேண்டும் என்பதையும் அனுப்புகிறவரே அந்த முகவரியில் எழுதிவிடலாம். அப்படி ஒன்றன்பின் ஒன்றாக இயக்கி, கடைசியில் சர்வரிலேயே கட்டளை ஓட்டலாம். தீவிரம் 10க்கு 9.8. ஜூன் 4ஆம் தேதியே அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா, தாக்குதல் முயற்சிகள் நடப்பதாகத் தெரிகிறது என்று எச்சரித்துவிட்டது. விசென்டர் தாக்குபவன் கைக்குப் போனால் எல்லா விஎம்களின் டிஸ்க்குகளும் அவன் கையில்.

பிளகினை யுஐயில் (விசென்டரின் திரையில்) டிசேபிள் செய்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். போதாது. விஎம்வேரே அதைத் தெளிவாகச் சொன்னது. எந்தப் பிளகின் ஓடலாம் என்று சொல்லும் கம்பேட்டிபிலிட்டி மேட்ரிக்ஸ் ஃபைலில் அந்தப் பிளகினை 'இன்கம்பேட்டிபிள்' என்று குறித்து, விசென்டரின் வலைப்பக்கத்தை இயக்கும் விஸ்பியர் யுஐ சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். அதுவும் தற்காலிகம்தான். உங்கள் 6.7க்குத் திருத்தம் யு3என் என்ற அப்டேட்டில் வந்தது. டவுன்டைம் என்று மேலிடம் தயங்கினால், விசென்டர் ரீபூட் ஆகும்போது விஎம்கள், அவற்றை நேரடியாக இயக்கும் இஎஸ்எக்ஸ்ஐ சர்வர்களில் ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்று எடுத்துச் சொல்லுங்கள். எங்கள் மேலாளர் சம்மதித்தது அதைக் கேட்டுத்தான்.

6.7க்கான பொது ஆதரவு 2022 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. ஆகவே பேட்சோடு நிற்காமல் புதிய பதிப்புக்கு மாறத் திட்டமிடுங்கள். அதுவரை அட்மின் கணினிகளைத் தவிர வேறெதுவும் விசென்டரை எட்டாதபடி ஃபயர்வாலில் அடைத்துவிடுங்கள்.

இத்தனை வருடம் திறந்து கிடந்ததால் இன்னொன்றும் உண்டு. ஏற்கெனவே யாராவது உள்ளே வந்திருந்தால் பேட்ச் அவர்களை வெளியேற்றாது. விஸ்பியர் யுஐ லாகுகளைப் பாருங்கள். சந்தேகம் துளி இருந்தாலும் பழைய விசென்டரைத் தூக்கிவிட்டுப் புது விசென்டர் அப்ளையன்ஸ் நிறுவி, எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.