மெடிசின் கிடைக்கவில்லை, விவசாயபீடத்தை முதலாவதாகப் போடலாமா?

அம்மா, உங்கள் நீண்ட செய்தியை இரண்டு தரம் வாசித்தேன். இரண்டு முறை ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) எழுதியும் மெடிசினுக்கு இசட் ஸ்கோர் (பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளி) போதவில்லை, மூன்றாம் தரமும் எழுது என்றால் மகள் மாட்டேன் என்கிறா, விவசாயபீடத்தை முதலாவதாகப் போடப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறா, ‘நெற் சீரோ’ என்று என்னவோ சொல்கிறா. "வயலுக்கை இறங்கி நிக்கவோ இவ்வளவு காசு கட்டி ரியூசனுக்கு விட்டனான்" என்று கேட்டிருக்கிறீர்கள். கோபத்தில் எழுதியது என்று தெரிகிறது, ஆனாலும் பதில் சொல்லவேண்டிய கேள்விதான்.

முதலில் மகள் சொல்லும் விஷயம் என்ன என்று பார்ப்போம். ஒரு நாடோ கம்பனியோ காற்றில் விடுகிற, பூமியைச் சூடாக்கும் வெப்பவாயுக்களை முடிந்தவரை குறைத்து, குறைக்கவே முடியாத மிச்சத்தை மரம், மண் போன்றவற்றால் திரும்ப உறிஞ்சச் செய்து, வரவையும் செலவையும் சமப்படுத்துவதுதான் மகள் சொல்லும் ‘நெற் சீரோ’ (Net Zero), தமிழில் தேறிய பூச்சியம். இலங்கை 2050க்குள் காபன் நடுநிலை (கிட்டத்தட்ட இதே கருத்து) என்று உலக அரங்கில் சொல்லியிருக்கிறது. இதற்கும் விவசாயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மனிதரால் வெளியேறும் வெப்பவாயுக்களில் 21 முதல் 37 வீதம் வரை உணவு முறைமையிலிருந்து வருகிறது என்று ஐ.நா.வின் காலநிலை விஞ்ஞானிகள் குழு 2019இல் கணக்கிட்டது. வயல், மாடு, உரம், காடழிப்பு, லொறி, குளிரூட்டி, கடைசியில் நாம் குப்பையில் கொட்டுகிற சோறு வரை எல்லாம் அதற்குள் அடக்கம். மின்சாரத்துக்கு சூரிய படலம் பூட்டலாம், வாகனத்துக்கு பற்றரி போடலாம். நெல்லுக்கும் மாட்டுக்கும் அப்படி ஒரு சுலபமான மாற்று இல்லை, அதனால்தான் இந்தத் துறைக்கு விஷயம் தெரிந்த ஆட்கள் தேவை.

நம் பக்கத்து உதாரணமே போதும். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் கிளிநொச்சி வயலை எடுங்கள். வயலில் தண்ணீர் தேங்கி நின்றால் மண்ணுக்குள் ஒட்சிசன் போகாது, ஒட்சிசன் இல்லாத மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் பழைய வைக்கோலையும் வேரையும் தின்று மெதேனை உண்டாக்கும், அது பெரும்பாலும் நெற்பயிரின் தண்டு வழியாகவே மேலே வரும். நூறு வருடக் கணக்கில் மெதேன் காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 27 மடங்கு சூடாக்கும். இதற்கு சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய வழி ஒன்று இருக்கிறது. துளையிட்ட குழாய்த் துண்டு ஒன்றை வயலில் புதைத்து, அதற்குள் தண்ணீர் மண் மட்டத்திலிருந்து 15 சென்ரிமீற்றர் கீழே போன பிறகு மட்டும் திரும்பப் பாய்ச்சுவது. பூக்கும் நேரத்தில் மட்டும் தண்ணீர் குறையவிடக்கூடாது. ஒழுங்காகச் செய்தால் மெதேன் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறையும், தண்ணீரும் மிச்சம், விளைச்சலும் பெரிதாக அடிபடாது.

கேட்க நல்லாயிருக்கிறது, இல்லையா? ஆனால் கார்த்திகை மழையில், பெரும்போகத்தில், வயலை எப்படிக் காயவிடுவது? முடியாது. மழை குறைந்த சிறுபோகத்தில், குளத்துத் தண்ணீரை முறை வைத்து விடும்போதுதான் இது சரிவரும், அதுவும் வாய்க்காலின் கடைசியில் இருக்கிற கமக்காரர் "தண்ணி திரும்ப எனக்கு வருமோ" என்று நம்பினால்தான் தன் வயலைக் காயவிடுவார். இந்த இடத்தில் மண்ணும் தெரிந்த, குளத்து முறையும் தெரிந்த, கமக்காரர் சங்கக் கூட்டத்தில் இருந்து பேசவும் தெரிந்த ஒருவர் வேண்டும். கொழும்பில் ஏசி அறைக்குள் இருந்து அறிக்கை எழுதுகிறவரால் இது ஆகாது. உங்கள் மகள் வயலுக்குள் இறங்கினால் இதற்காகத்தான் இறங்குவா.

யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துச் செம்மண்ணுக்கு வாருங்கள், கதை வேறு. வெங்காயம், மிளகாய், கிழங்கு என்று போகத்துக்குப் போகம் உரத்தை அள்ளிப் போட்டிருக்கிறோம். பயிர் எடுத்தது போக மிச்ச நைதரசனில் ஒரு பகுதி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் இறங்கி நைத்திரேற்றாகக் கிணற்றில் சேர்கிறது, இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பிரச்சினை. இன்னொரு பகுதி நைதரசு ஒட்சைட்டாக மேலே போகிறது, அது காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 273 மடங்கு சூடாக்கும். ஆக, தேவைக்கு மேல் போடுகிற யூரியா உரம் கையிலுள்ள காசையும் தின்னும், குடிதண்ணீரையும் கெடுக்கும், காற்றையும் கெடுக்கும். மண்ணைப் பரிசோதித்து எவ்வளவு, எப்போது என்று சொல்லக்கூடிய ஒருவரால் மூன்றையும் ஒன்றாகக் குறைக்கமுடியும்.

இதற்காக ஒரே நாளில் உரத்தை நிறுத்திவிடு என்றால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை, நவம்பரில் வாபஸ், அதற்கிடையில் நெல்லும் தேயிலையும் பட்ட பாட்டை நான் சொல்லத் தேவையில்லை. நல்ல நோக்கம் மட்டும் வைத்துக்கொண்டு விவசாயம் செய்யமுடியாது. ‘இயற்கை’ என்ற சொல்லைக் கேட்டதும் மயங்குகிற பிள்ளைகள் என்னிடம் நிறைய வருகிறார்கள், அவர்களுக்கும் இதைத்தான் சொல்வது.

சரி, வேலை. ‘நெற் சீரோ அதிகாரி’ என்று பலகை மாட்டிய கந்தோர் யாழ்ப்பாணத்தில் கிடையாது. விவசாயத் திணைக்களத்தில் விவசாயப் போதனாசிரியர், ஆராய்ச்சி நிலைய வேலை போன்ற அரச பதவிகள் உண்டு, ஆனால் ஆளெடுப்பு எப்போது வரும் என்பது அரசின் கையில், பட்டதாரிகள் காத்திருந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஐ.நா. அமைப்புகள், தொண்டு நிறுவனங்களின் திட்டங்களில் சம்பளம் நல்லது, ஆனால் திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். தேயிலை, தெங்கு ஏற்றுமதிக் கம்பனிகளில் இப்போது வாய்ப்பு மெல்லத் திறக்கிறது. வெளிநாட்டுப் பெரிய உணவுக் கம்பனிகளுக்கு தங்கள் தொழிற்சாலைக் கணக்கு மட்டும் போதாது, பொருள் வாங்குகிற தோட்டத்தின் வாயுக் கணக்கும் வேண்டும், ‘ஸ்கோப் 3’ என்பார்கள், உணவுக் கம்பனியின் வாயுவில் பெரும்பங்கு அதற்குள்தான் கிடக்கிறது. அந்தக் கணக்கை இங்கிருந்து யாராவது எடுத்துக் கொடுக்கத்தானே வேண்டும். சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் தலைமையகம் வேறெங்கும் இல்லை, பத்தரமுல்லைப் பக்கம்தான் இருக்கிறது. இவை தவிர சொந்தத் தொழில்: சோலார் பம்ப், கூட்டெரு, மாம்பழமும் மரக்கறியும் அழுகாமல் உலர்த்திப் பொதிசெய்வது. 2022இல் பம்புக்கு மண்ணெண்ணெய் தேடி வரிசையில் நின்ற தோட்டக்காரருக்கு சோலார் பம்பைப் பற்றி விளக்கத் தேவையில்லை, யார் நேர்மையாக அளந்து பூட்டுவார்கள் என்பதுதான் அவர்கள் கேட்பது.

இதில் என் அபிப்பிராயம் ஒன்று உண்டு, எல்லா ஆலோசகர்களும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். இணையத்தில் ஆறு வாரத்தில் ‘காபன் நிபுணர்’ சான்றிதழ் தருகிற கோர்ஸ்களுக்கு இப்போதைக்கு ஒரு சதமும் கட்டவேண்டாம். முதலில் மண்ணியலையும் பயிரியலையும் ஒழுங்காகப் படிக்கட்டும். காபன் கணக்கு முறைகள் வருடத்துக்கு வருடம் மாறும், நைதரசன் மண்ணில் எப்படி நடந்துகொள்ளும் என்பது மாறாது. அதோடு புள்ளிவிபரவியலைப் பயந்து தள்ளிவைக்காமல் படிக்கவேண்டும், வரைபட மென்பொருள் ஒன்று பழகவேண்டும். பட்டப்படிப்பு ஆங்கிலத்தில்தான், அது எப்படியும் வந்துவிடும். நான் வற்புறுத்துவது சிங்களத்தை. அநுராதபுரத்து வயலிலும் கொழும்புக் கூட்டத்திலும் சிங்களம் பேசுகிற யாழ்ப்பாணத்து விவசாயப் பட்டதாரிக்குத் திறக்கிற கதவு வேறு. நம் பிள்ளைகள் இதைத்தான் கடைசியில் யோசிக்கிறார்கள், ஏனோ தெரியாது.

வெளிநாட்டு மேற்படிப்பு பற்றியும் கேட்டிருந்தீர்கள். நெதர்லாந்தின் வாகெனிங்கன் போல விவசாயத்துக்கென்றே பெயர்போன பல்கலைக்கழகங்கள் உண்டு, ஆராய்ச்சி உதவித்தொகையோடு போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அதற்குப் பட்டத்தில் நல்ல வகுப்பும், நான்காம் வருட ஆய்வும் வேண்டும், காணி விற்று ஏஜென்சிக்குக் கட்டுகிற பாதை இதில்லை.

மூன்றாம் தரம் எழுதுவதா என்றால், இரண்டாம் தரம் மிகச் சொற்பத்தில் தவறியிருந்தால், பிள்ளையும் விரும்பினால் யோசிக்கலாம். உங்கள் மகளின் பெறுபேற்றையும் போன வருட வெட்டுப்புள்ளியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், இடைவெளி சொற்பம் இல்லை, பிள்ளைக்கு விருப்பமும் இல்லை. எனக்கென்றால் எழுதச்சொல்ல மாட்டேன்.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தெரிவு ஒழுங்கு முக்கியம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாயபீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது, வீட்டுக்கு வந்துபோகும் தூரம் என்பதற்காக மட்டும் அதை முதலில் போடவேண்டாம், பேராதனையையும் பாருங்கள், கிழக்குப் பல்கலைக்கழகத்தையும் பாருங்கள், உணவு விஞ்ஞானம் போன்ற பக்கத்துப் பாடநெறிகளையும் பல்கலைக்கழக அனுமதிக் கைநூலில் தேடி அவற்றுக்கும் இடம் கொடுங்கள். எதுவும் சரிவராவிட்டால் வவுனியாவில் விவசாயப் பாடசாலை டிப்ளோமா இருக்கிறது, கையால் வேலை பழகுகிற பிள்ளைக்கு அது குறைந்த படிப்பே அல்ல.

படிவத்தை அனுப்ப முதல் ஒரு காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் திருநெல்வேலி விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய், அங்கு வேலை செய்கிற பெண் உத்தியோகத்தர் ஒருவரிடம் ஒரு நாள் எப்படிப் போகும், வெயிலில் எத்தனை மணிநேரம், மேசையில் எத்தனை மணிநேரம், சம்பளம் கைக்கு என்ன வருகிறது என்று நேரே கேளுங்கள். கேள்விகளை மகள் கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். அதற்குப் பிறகும் மனம் ஆறவில்லை என்றால் தெரிவு ஒழுங்கை எழுதிக்கொண்டு இரண்டு பேருமாக என்னிடம் வாருங்கள், இருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.