பட்டாம்பூச்சித் தட்டும் பில்லில் இல்லாத வயதும்

கேள்வி: பத்து வருடமாகப் பழைய பீங்கான் சேகரிக்கிறேன். 22 மாதங்களுக்கு முன் காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையில், இளம்பச்சை மெருகின் மேல் பட்டாம்பூச்சியும் பூவும் வரைந்த ஆறு சீன செலடான் தட்டுகளை ₹1,80,000-க்கு வாங்கினேன். ரங்கூனிலிருந்து வந்த செட்டியார் வீட்டுச் சாமான், 150 வருஷம் என்றார் கடைக்காரர். வாட்ஸ்அப்பிலும் அப்படித்தான் அனுப்பினார். பில்லில் ‘பழைய பச்சைத் தட்டு - 6’ என்று மட்டும் இருக்கிறது. விவரம் தெரிந்த ஒருவர் தட்டைத் திருப்பிப் பார்த்து, அடியில் ‘சைனா’ என்று ஆங்கில முத்திரை இருப்பதைக் காட்டினார். கடைக்காரரைக் கேட்டால் ஆட்களை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். ₹1,10,000 தருகிறேன், தட்டைக் கொடு என்கிறார். போலீசில் மோசடிப் புகார் கொடுக்கலாமா? அடுத்த மாதம் சிங்கப்பூர் திரும்பும் அக்கா மகன் இரண்டு தட்டுகளை அங்கே ஏல நிறுவனத்தில் காட்ட எடுத்துப்போகிறான்.

பதில்: சிரித்ததற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை, அதை விடுங்கள். உங்கள் வழக்கு அந்த வாட்ஸ்அப் செய்தி ஒன்றில்தான் நிற்கிறது. போனை மாற்றாதீர்கள், மின்னணு ஆதாரத்துக்குப் புதிய சாட்சியச் சட்டம் கேட்கும் 63(4) பிரிவுச் சான்றோடு தாக்கல் செய்யலாம். போலீஸ் புகார் வேண்டாம். விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்டாவிட்டால் ‘சிவில் விவகாரம்’ என்று மூடிவிடுவார்கள்.

முத்திரை உங்களுக்கும் எதிரி. அமெரிக்காவுக்குப் போகும் சரக்கில் நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் போட வேண்டும் என்ற விதி 1891-ல் வந்தது. அதற்குப் பிறகுதான் சீனப் பீங்கானில் இந்த முத்திரை பரவியது. ஆகவே 150 வருஷம் என்பது நிற்காது. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார்: “பத்து வருடமாகச் சேகரிக்கிறவர் தட்டைத் திருப்பிப் பார்க்கவில்லையா?” ஒப்பந்தச் சட்டம் 19-ஆம் பிரிவின் விதிவிலக்கு அவர் கையில் இருக்கிறது: சாதாரணக் கவனத்தில் உண்மை தெரியும் என்றால், தவறான தகவலைக் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. தெரிந்தே சொன்ன பொய்யை அது காப்பாற்றாதுதான். தெரிந்தே சொன்னார் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்.

என்னைப் பயமுறுத்துவது அக்கா மகனின் பெட்டி. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தில், 100 வருடம் கடந்த கைவினைப் பொருள் தொல்பொருள். இந்தியாவில் செய்ததா, சீனாவின் குவாங்சோவில் செய்ததா என்று அந்த வரையறை கேட்பதில்லை. தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாத, மூன்று வருடம் வரையிலான சிறை. “விற்கப் போகவில்லை, காட்டத்தான்” என்று சொல்லிப் பயனில்லை. உங்கள் தட்டு 150 வருஷம் இல்லை, சரி. 110 வருஷம் என்றால்? ‘சைனா’ முத்திரை அதற்கு இடம் தருகிறது. விமான நிலையத்தில் சுங்கத் துறை நிறுத்தினால், தட்டின் வயதை முடிவு செய்வது இந்தியத் தொல்லியல் துறை. அந்த முடிவு வரும்வரை தட்டும் முடங்கும், பையனின் வேலையும் ஆடும். நீங்கள் பத்திரமாக வைத்திருக்கும் அதே ‘150 வருஷம்’ செய்தி அவனுக்கு எதிரான காகிதமாகும். கூரியரில் அனுப்பினாலும் இதே கதைதான். ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்றைத் தொல்லியல் துறையிடம் வாங்காமல் ஒரு தட்டும் ஊர் தாண்டிப் பறக்கக் கூடாது. அந்தச் சான்று கிடைத்தால் கடைக்காரருக்கு எதிராகவும் அதுதான் உங்கள் நல்ல சாட்சி.

இன்னொன்று. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு வருடக் கெடு. வாங்கிய நாளிலிருந்து எண்ணினால் உங்களுக்கு மிச்சம் இரண்டே மாதம். “பேசிக்கொண்டிருக்கிறோம்” என்பதால் அந்தக் கெடு நிற்காது. பேசியே இழுத்தடித்து 25-ஆவது மாதம் கையை விரிக்கும் வியாபாரிகளை நிறையப் பார்த்துவிட்டேன். நடுவில் ஆத்திரத்தில் தட்டை வேறொருவருக்கு ‘150 வருஷம்’ என்று தள்ளிவிட்டால், ஏமாற்றியவர் நீங்கள் என்றாகிவிடும்.

₹1,30,000 கேளுங்கள். மசியாவிட்டால் ₹1,10,000-ஐ வாங்கிக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கில் பணம் ஏறிய பிறகு தட்டைக் கொடுங்கள், செக் வேண்டாம்.